காசிம் பாயின் கழுத்தும் ஒரு சட்டி மீன்தலைக் கறியும்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் கொஞ்சம் பேசுங்கள் என்று உங்கள் தலைவி கேட்டபோது நான் இரண்டு நிபந்தனை போட்டேன். திரையில் படம் போட்டுக் காட்டச் சொல்லக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொல்லக்கூடாது. முதலாவதை ஒப்புக்கொண்டார். இரண்டாவது காற்றோடு போய்விட்டது. ஆகவே நான் பசியோடு நிற்கிறேன், நீங்களும் பசியோடுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்லப்போகும் கதையில் சாப்பாடு அடிக்கடி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ருக்மணி. பிளாஸ்மா பௌதிகம்தான் என் பிழைப்பாக இருந்தது. ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மா இல்லை. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்துவிட்டது. ஒரு குழாய்க்குள் வாயுவை அடைத்து, பலமான மின்சாரத்தைப் பாய்ச்சினால், கண்சிமிட்டும் நேரத்துக்குள் அது பிளாஸ்மாவாகிப் பளிச்சென்று ஒளிர்ந்து அடங்கிவிடும். அந்தப் பளிச்சைப் படிப்பவர்கள் நாங்கள். அதிலேயே சூடில்லாத ஒரு வகை உண்டு. புற்றுநோயாளிகளின் ஆறாத புண்மேல் அதைக் காட்டினால் ஆறுமா என்று பார்ப்பதற்காகத்தான் என்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து இங்கே இழுத்து வந்தார்கள்.

வந்த இடத்தில் எனக்குத் தனி அறை கிடைக்கவில்லை. குணாவோடு பங்கு. குணா பக்கத்துக் கிள்ளான் ஊர்க்காரர், வானியல் படித்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தொலைநோக்கிப் படத்தில் மங்கலான நட்சத்திரங்களைத் தேடிப் பிடிக்கும் புரோகிராம் எழுதுவது அவர் வேலை. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நட்சத்திரக்காரருக்கு என்ன வேலை என்று நானும் கேட்டேன். கறுப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளி தேடுகிற புரோகிராமைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால், வெளிறிய திசுவில் கறுத்த செல்லைத் தேடும். அவ்வளவுதான் சங்கதி. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்காக வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார்.

மூன்றாவது ஆள் டாக்டர் கமலினி. உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் இருக்கிறது, இல்லை என்று கையெழுத்துப் போடுகிறவர். எங்கள் அறையில் மூன்றாவது நாற்காலிக்கு இடமில்லை. ஏர்கோன் குளிர் வேறு மனிதர்களுக்காக வைத்தது இல்லை, இயந்திரங்களுக்காக வைத்தது. அதனால் எங்கள் வாராந்தரக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் காசிம் பாய் சாப்பாட்டுக் கடையில் வைத்துக்கொண்டோம். கூட்டத்தின் முடிவுகளில் பாதி வாழையிலையோடு மடிந்து போயிருக்கிறது.

எங்கள் மூன்று பேருக்கும் மூன்று விதமான தொழில் புத்தி. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு தடவை கண்ணில் பட்டதைக் குணா நம்பவேமாட்டார். வானியலில் அவர்களுக்கு முதல் பாடமே அதுதான். கேமராவில் எங்கிருந்தோ ஒரு துகள் வந்து மோதினால் போதும், படத்தில் நட்சத்திரம் போலவே ஒரு புள்ளி விழும். அதனால் ஒரே வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பார்கள். எல்லாப் படத்திலும் இருந்தால் நட்சத்திரம். ஒன்றில் மட்டும் இருந்தால் பொய், அழித்துவிடு. இந்தப் பழக்கம் மனிதரின் எலும்பு வரைக்கும் போயிருந்தது. மீன் முடிந்துவிட்டது என்று ஒரு பையன் சொன்னால், இன்னொரு பையனைக் கூப்பிட்டுக் கேட்பார். கொமுட்டர் ரயில் வருகிறது என்று பலகையில் எழுத்து ஓடினால், பக்கத்தில் நிற்பவரிடமும் கேட்டுவிட்டுத்தான் பையைத் தோளில் மாட்டுவார்.

கமலினி நேர் எதிர். ஒரு தடவை கண்ணில் பட்டால் போதும், விடமாட்டார். பரிமாற வந்த பையன் கன்னத்தில் மச்சத்தைப் பார்த்துவிட்டு, இது எத்தனை நாளாக இருக்கிறது, பெரிதாகிறதா என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பையன் அதற்கப்புறம் எங்கள் மேசைப் பக்கமே வருவதில்லை.

நானோ எதையும் தூக்கிப் போடாதவள். எங்கள் தொழிலில் ஒவ்வொரு பளிச்சும் ஒரு தடவைதான் நடக்கும். அதே குழாய், அதே வாயு, அதே மின்சாரம், ஆனாலும் அடுத்தது வேறு மாதிரிதான் இருக்கும். படிக்கிற காலத்தில் என்னோடு இருந்த ஒருவன், அன்றைக்கு எடுத்த எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டு, வழவழவென்று ஒரு கோட்டை வரைந்து எங்கள் லேப் தலைவரிடம் நீட்டினான். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த ஷாட், எந்தப் பளிச்சு என்று கேட்டார். எதுவுமில்லை சார், எல்லாம் சேர்ந்தது என்றான். அப்படியானால் இது நடக்கவே இல்லையே, நடக்காததை ஏன் என்னிடம் காட்டுகிறாய் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து எதையும் சலித்து ஒதுக்க எனக்கு மனம் வராது. வீட்டில், கடைச் சாப்பாடு கட்டி வாங்கிவந்த தாப்பாவ் டப்பாக்கள் அலமாரி முட்ட இருக்கின்றன, அதுவும் அந்தப் புத்திதான்.

இப்போது பாய். காசிம் பாயின் அப்பா ராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்து கிள்ளானில் துணி விற்றவர். பாய்க்குத் துணியில் மனம் போகவில்லை, சட்டியில்தான் போனது. அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சட்டி இறங்கினாலும் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, அவர் தலையாட்டினால்தான் வெளியே போகும். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது அவர் அதை ஒரு பக்கக் கன்னத்துக்கு மட்டும் ஒதுக்குவதைக் கமலினி பார்த்துவிட்டார். ஒரு தடவைதான் பார்த்தார். அப்புறம் விடுவாரா? வாயைத் திற பாய் என்று கல்லாவிலேயே திறக்க வைத்தார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண். பல் குத்தியது, ரொம்ப நாளாக ஆறவில்லை என்றார் பாய்.

பல் குத்தியது இல்லை. நாக்கின் ஓரத்தை வெட்டி எடுத்தார்கள், கழுத்திலிருந்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். இந்த நோய் ஊர் சுற்றக் கிளம்பினால் முதலில் அந்த முடிச்சுகளில்தான் போய் உட்காரும். பாயின் டாக்டர் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நாக்கில் புண் கொஞ்சம் ஆழமாகவே போயிருந்தது. முடிச்சுகள் சுத்தமாக இருந்தால் இதோடு விட்டுவிடலாம், வந்து காட்டிக்கொண்டு மட்டும் இருக்கவேண்டும். ஒரு முடிச்சில் துளி இருந்தாலும் வாய்க்கும் கழுத்துக்கும் கதிர் சிகிச்சை கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்தால் ருசி போய்விடும். மாதக்கணக்கில் போகும், எச்சில் வற்றும், எவ்வளவு திரும்பி வரும் என்று யாரும் சத்தியம் செய்து தரமுடியாது.

நாக்கில் ஒரு துண்டு போன பின்னாலும் பாய் உள்ளங்கையை நக்கிக்கொண்டுதான் இருந்தார். பேச்சு கொஞ்சம் குழறியது, கண்டுபிடிப்பு குழறவில்லை. சீரகம் கூடிப்போச்சு என்றால் கூடித்தான் போயிருக்கும். அவருக்கு இருந்த பயம் சாவைப் பற்றியது இல்லை, எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். ருசி தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்து காசு மட்டும் வாங்குவது அவரால் ஆகாது.

அந்த முடிச்சுகளிலிருந்து வழக்கத்துக்கு மேல் கூடுதலாக மெல்லிய சீவல்கள் சீவி எங்கள் ஆய்வுக்குக் கொடுக்கப் பாய் சம்மதித்திருந்தார். அத்தனை சீவல்களையும் கண்ணால் பார்க்க எந்த டாக்டருக்கும் நேரம் கிடையாது. புரோகிராம் பார்த்து, சந்தேகமான இடத்தைச் சுட்டிக்காட்டினால் கமலினி அதை மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார், இதுதான் ஏற்பாடு. எங்களுக்கு வரும் சீவல்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. ஆனால் பாய்க்கு அந்த விதியெல்லாம் தெரியாதே. தேத்தண்ணியை மேசையில் வைத்துக்கொண்டே, என்னோடது எப்படி இருக்கு என்று வெந்துவிட்டதா என்கிற மாதிரி கேட்டார். யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது பாய் என்றேன்.

"இந்த வாரம் உங்களுக்கு எத்தனை கழுத்து வந்துச்சு டாக்டர்?" என்றார்.

ஒன்றுதான் வந்திருந்தது. மூன்று பேரும் தேத்தண்ணியைக் குடித்தோம்.

இதற்கு முந்தைய வாரம் நடந்த ஒரு சின்னச் சண்டையையும் சொல்லவேண்டும். குணாவின் புரோகிராம் சந்தேகம் என்று காட்டுவதில் பெரும்பாலானவை தூசி, காற்றுக் குமிழி, திசு மடிந்த இடம். கமலினி ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து அலுத்துப்போய், நான் டாக்டரா கிளீனரா என்று ஒருநாள் கடையிலேயே கத்திவிட்டார். குணாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. போய் உட்கார்ந்து, தன் வானியல் சட்டத்தை அப்படியே புரோகிராமில் சேர்த்துவிட்டார். ஒரு சீவலில் மட்டும் தெரிந்தால் காட்டாதே, பக்கத்துச் சீவலிலும் இருந்தால் காட்டு. பழைய நோயாளிகளின் சீவல்களில் ஓட்டிப் பார்த்தோம். குப்பை அத்தனையும் போய், நோய் மட்டும் அழகாக நின்றது. கமலினி அவருக்கு, முட்டையும் கறியும் வைத்து மடித்துச் சுட்ட ஒரு முர்தபாக் வாங்கிக் கொடுத்தார். நானும் அதில் ஒரு துண்டு தின்றேன்.

பாயின் சீவல்கள் ஓடிய அன்று மதியத்துக்குப் பிறகு டாக்டர்கள் கூட்டம். ஒவ்வொரு நோயாளிக்கும் அடுத்து என்ன செய்வது என்று எல்லாத் துறைக்காரர்களும் உட்கார்ந்து முடிவு செய்கிற கூட்டம் அது. வழக்கமான சீவல்களைக் கமலினி ஏற்கெனவே பார்த்துவிட்டார், சுத்தம். கூடுதல் சீவல்கள் மட்டும்தான் பாக்கி. எங்கள் அறையில் கமலினி நின்றுகொண்டு, குணா உட்கார்ந்துகொண்டு, நான் கதவில் சாய்ந்துகொண்டு திரையைப் பார்த்தோம். ஓடி முடித்து நின்றது. ஒரு புள்ளி கிடையாது. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

எங்கள் மூன்று பேருக்கும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கமலினி, பாய்க்கு நாமே ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிடலாம் போலிருக்கிறது என்று பேனாவை எடுத்தார். குணா வெள்ளிக்கிழமைக்கு என்ன சாப்பிடலாம் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் எனக்கு என்னவோ போல் ஆனது. மதிய நேரத்தில், எப்போதும் வண்டி அடைத்துக் கிடக்கும் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் ஒரு கார்கூட டபுள் பார்க்கிங் போடாமல் இருந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? நல்ல ஊர் என்றா தோன்றும்? எதுவோ நடந்திருக்கிறது என்றுதானே தோன்றும்.

"குணா, குப்பை எங்க?" என்றேன்.

"அதான் எடுத்துட்டேனேக்கா. ஒரு சீவல்ல மட்டும் இருந்தா இப்ப காட்டாது."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நிமிடம் என் வாயை மூடிக்கொள்ள எனக்கு எத்தனை காரணம் இருந்தது என்று பாருங்கள். அந்தப் புரோகிராம் என்னுடையது இல்லை. திசு என் படிப்பு இல்லை. சோதித்துப் பார்த்தபோது நானும் தலையாட்டியவள். கூட்டத்துக்கு நேரமாகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, வந்திருக்கும் பதில் நான் ஆசைப்பட்ட பதில். அதைக் கிளறினால் கெட்டதுதான் வரும், நல்லது இனிமேல் வர வழியில்லை. வெள்ளிக்கிழமை பாய் உள்ளங்கையை நக்கித் தலையாட்டுவதை என் மனது பார்த்தே முடித்துவிட்டது. ஒரு பதிலைப் பார்த்து உங்களுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்தால் அதை ஒரு தடவை மோந்து பாருங்கள். எனக்கு அன்றைக்கு அந்தப் புத்தி வந்ததற்குக் காரணம் அறிவு இல்லை, குப்பையைத் தூக்கிப் போடாத என் குணம்தான்.

"வானத்த ரெண்டு தடவ படம் எடுத்தா ரெண்டும் ஒரே வானம்" என்றேன். "அடுத்த சீவல் அதே வானமா குணா?"

அவர் திரையில் இரண்டு சீவல்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. நட்சத்திரம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் எங்கும் போய்விடாது. ஆனால் அடுத்த சீவல் என்பது முதல் சீவலின் இரண்டாவது படம் இல்லையே, அது முடிச்சின் வேறொரு தளம். அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் குடியிருப்பவரை ஒன்பதாவது மாடியில் போய்த் தேடினால் கிடைப்பாரா? பெரிய கட்டி பல மாடிக்கு நீண்டிருக்கும், அதனால்தான் எங்கள் சோதனையில் எல்லாம் சரியாக வந்தது. இப்போதுதான் குடிவந்த துளி ஒன்று ஒரே மாடியோடு முடிந்துவிடும்.

கமலினிக்கு எரிச்சல். திரும்பவும் தூசியைப் பார்க்கச் சொல்கிறாயா, நேரத்தைப் பார் ருக்கு என்றார். ஒரே ஒரு தடவை பார், தூசியாக இருந்தால் என்னை இந்த அறையை விட்டே துரத்திவிடு என்றேன். குணா திரைப் பக்கம் திரும்பினார். சட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். திரையெல்லாம் அம்மை போட்ட மாதிரி சிவப்பு வட்டம். கமலினி கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொண்டு மைக்ராஸ்கோப் அறைக்குப் போனார், நாங்கள் பின்னாலேயே போனோம். தூசி. தூசி. குமிழி. மடிப்பு. தூசி. ஒவ்வொன்றுக்கும் என்னை ஒரு முறை முறைத்தார். நான் ஒவ்வொரு முறைப்பையும் வெல்லம் மாதிரி வாங்கிக்கொண்டேன். எல்லாமே தூசியாக இருக்கவேண்டும், இந்த அம்மா என்னை ஒரு மாதம் திட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

அப்புறம் ஒரு தகட்டில் அவர் கை நின்றுவிட்டது. நகர்த்தவில்லை. பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது தூசி இல்ல" என்றார்.

யாரும் கை தட்டவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு முடிச்சில், ஒரே சீவலில், ஒட்டிக்கொண்டு நாலைந்து செல்கள். கமலினி எழுதி வைத்திருந்ததை மாற்றினார், கூட்டத்துக்குப் போனார், கதிர் சிகிச்சை என்று முடிவானது. எனக்கோ அந்த நோயை நானே கொண்டுபோய்ப் பாய் கழுத்தில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. அது அங்கேதான் இருந்தது, நாம் சொல்லாவிட்டால் பெரிதாகியிருக்கும், எல்லாம் தெரியும். தெரிந்தும் வீட்டுக்குப் போகும்போது பாய் கடையைத் தாண்டாமல் பின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

குணா அந்தச் சட்டம் புரோகிராமில் இருந்த நாட்களில் ஓடிய எல்லாச் சீவல்களையும் முதலிலிருந்து ஓட்டினார். கமலினி ஒரு வார்த்தை முனகாமல் எல்லாத் தூசியையும் பார்த்தார். வேறு எதுவும் தப்பியிருக்கவில்லை. அதற்கப்புறமும் குணா சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கேன்டீனில் உட்கார்ந்து காய்ந்த சேண்ட்விச்சைக் கடித்தோம். அடுத்த வெள்ளியும் அப்படித்தான் போயிருக்கும், வியாழக்கிழமை என் தொலைபேசி அடிக்காமல் இருந்திருந்தால்.

"என் நோய் தொத்திக்கும்னு எந்த டாக்டரும் சொல்லலியே. ஏன் கடைப்பக்கம் ஆளையே காணோம்?" என்றார் பாய்.

போனோம். பாயின் டாக்டர் அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தார், ஆனால் புரோகிராம் முதலில் சுத்தம் என்று காட்டிய கதை அவருக்குத் தெரியாது. சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. குணா நாற்காலியில் உட்காரவே இல்லை, நின்றபடியே ஆரம்பித்துவிட்டார். ஒரே ஒரு சீவலில்தான் இருந்தது பாய், ஒன்றில் மட்டும் இருந்தால் பொய் என்று நான்தான் அழித்துவிட்டேன், இந்த அக்கா கேட்டிருக்காவிட்டால் உங்களுக்குச் சுத்தம் என்றுதான் சொல்லியிருப்போம் என்று கடகடவென்று கொட்டினார். பாய் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கல்லில் ஒருவர் முர்தபாக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார், பாயின் கண் அங்கே போனது.

"முர்தபாக் வெட்டுறப்ப ஒரு துண்டுல மட்டும் முட்ட ஓடு இருக்கும். ஒரு துண்டுலதானேன்னு ஓடே இல்லைன்னு சொல்லிடுவீங்களா தம்பி?"

"அப்படித்தான் பாய் சொல்லியிருந்தேன்."

பாய் ஒரு நாற்காலியை இழுத்துக் குணா பக்கம் போட்டார். அப்புறம், சாப்பிட்டீர்களா என்று கேட்டார். குணா இல்லை என்றார். உட்காரச் சொல்லி, இலையைத் தானே போட்டார்.

சிகிச்சை ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே ருசி போய்விட்டது. முதலில் எல்லாம் மரத்தூள் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு மரத்தூளும் இல்லை, ஒன்றுமே இல்லை என்றார். வாயெல்லாம் புண், ஒரு மடக்குத் தண்ணீர் இறங்கக் கண்ணீர் வரும். தெம்பு வந்ததும் கடைக்கு வந்துவிட்டார். பழக்கதோஷம், கறியை உள்ளங்கையில் விட்டு நக்குவார். நக்கிவிட்டு, கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. அதனால் என் கண் அடுப்படிப் பக்கம் போகும், அங்கே நடப்பதைப் பார்த்தால் கோபம்தான் வரும்.

அடுப்பில் அவர் மருமகன் ரபி நின்றான். தங்கமான பிள்ளை, ஆனால் மாமனாருக்குப் பயந்தவன். எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லாமே சூப்பர் மாமா என்பான். உப்பு ஏறிக்கொண்டே போனது. வாடிக்கைக்காரர்கள், பாவம் நோயாளி மனுசன் என்று வாயைத் திறக்காமல் தின்றுவிட்டுத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தார்கள். பொய் சொல்லத் தெரியாத ஒரே டாக்டர் என்பதால் கமலினிதான் போட்டு உடைத்தார். அன்றிலிருந்து பாய் எங்கள் மூன்று பேரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக் கூட்டம் வருமுன்னால் நாங்கள் அடுப்படியில் வரிசையாக நின்று உள்ளங்கையை நீட்டவேண்டும். மூன்று பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி நிற்போம்.

பயந்துவிடாதீர்கள், பாய் இன்றைக்கும் இருக்கிறார். உப்பும் புளிப்பும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன. இனிப்பு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை என்று நுரை பொங்க ஆற்றிய தே தாரிக்கில் சீனியைக் கொட்டிக்கொண்டு கமலினியிடம் திட்டு வாங்குகிறார். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் கழுத்து சுத்தம் என்றே வருகிறது. ஒவ்வொரு தடவையும் குப்பையைப் பார்த்தீர்களா என்று அவரே கேட்கிறார்.

ருசியே இல்லாதிருந்த அந்த மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை. பெரிய சட்டியில் மீன்தலைக் கறி கொதிக்கிறது. வெளியே மேசையெல்லாம் ஆள், வாசலில் தாப்பாவுக்கு வரிசை. பாய் எங்கள் கையில் ஆளுக்கு ஒரு சொட்டு விட்டார். நான் நக்கினேன், பிரமாதம் என்றேன். கமலினி நக்கினார், நன்றாக இருக்கிறது என்று இன்னொரு சொட்டுக் கேட்டார். குணா நக்கிவிட்டு நாக்கை ஒரு தடவை சப்புக்கொட்டினார்.

"பின்னால லேசா புளிக்கிற மாதிரி இருக்கு பாய். தேங்காப்பால் திரிஞ்சிருக்குமோ" என்றார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பார்த்ததும் பின்வாங்கிவிட்டார். "இல்ல, எனக்கு மட்டுந்தான் அப்படித் தோணுது போல. ரெண்டு பேர் நல்லாருக்குன்னு சொல்றாங்களே. விட்டுடுங்க."

பாய் குனிந்து அடுப்பை அணைத்தார். ரபியிடம், சட்டியை இறக்கிக் கொட்டிவிடு என்றார். ரபிக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே இவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் மாமா, ஒருத்தர்தானே சொல்கிறார் என்றான். நானும் ரபி கட்சிதான். அந்தக் கறிக்காகத்தான் காலையில் பசியாறாமல் வந்திருந்தேன்.

பாய் சட்டைக் காலரை இறக்கி, கழுத்தில் நீளமாக ஓடிய தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

"இதுவும் ஒரு சீவல்லதான் இருந்துச்சு" என்றார்.

சட்டி போனது. வெளியே வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. அந்தக் கறி நன்றாகத்தான் இருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன், கமலினியும் சொல்வார். குணாவே இப்போது கேட்டால், நிச்சயமாகத் தெரியவில்லை என்பார். பாயிடம் சொல்லிப் பாருங்கள், அவர் அந்தப் பேச்சையே எடுக்கவிடமாட்டார்.

அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது பரோட்டா மாதிரி ரொட்டி சானாயும் பருப்புச்சாறும்தான். குணா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பருப்பில் காரம் அதிகம் என்றார். நானும் கமலினியும் அதே பருப்பைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம், அதில் காரம் என்பதே இல்லை. அவர் ஒருவர்தான் சொன்னார். ஆனாலும், ஆமாம் குணா, காரம்தான் என்றோம்.